பவுல் பேசிய பேரம்

"பட்டணத்துல இந்தப் படிப்புக்கு பீசு மட்டும் இருநூறு ரூவா கேக்காவ. உங்ககிட்ட நூறுக்குள்ள முடியுமா டீச்சர்?" என்றான் பவுல்.

அற்புதமணி டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லித்தரும் ஆசிரியைப் பயிற்சிக்குப் பெண் தேடித் தூத்துக்குடிக்கு வந்திருந்தாள். இவன் என்னடாவென்றால், ஏலக் கரையில் சீலா மீனுக்கு விலை கேட்பதுபோல் கேட்கிறான்.

தாராளமாக முடியும், பீசே கிடையாது என்றாள்.

பவுலின் தங்கை ஞானபாய் அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் அண்ணன் கையை அவ்வப்போது இழுத்தன. கூச்சக்காரி போல என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

சாப்பாடும் அங்கேயேதானா என்று அடுத்துக் கேட்டான். ஆமாம் என்றாள். எத்தனை மாதம் என்றான். பன்னிரண்டு என்றாள்; அதற்கு மட்டும் சற்று நேரம் யோசித்தான். முடித்தால் வேலை நிச்சயமா என்றான். நிச்சயம் என்றாள்.

"அப்போ வெலையும் கொறவு, சரக்கும் நல்ல சரக்கு" என்றான் திருப்தியாக.

அவன் குரல் தெருமுனை வரை கேட்டது. கடலில் கத்திப் பழகியவர்கள் அப்படித்தான். கடலில் மூழ்கிச் சங்கு குளித்த காசில் தங்கையை எட்டாவது வரை படிக்கவைத்தவன் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். டீச்சருக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

"உனக்கு எதுக்கும்மா இந்தப் படிப்பு?" என்று ஞானபாயிடம் கேட்டாள்.

அவள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. பேச்சில்லை, கையைப் பிடித்து இழுப்பதோடு சரி. இருபது வருடமாகப் பார்க்கிற பிள்ளைகளாயிற்றே, இது தெரியாமல் போய்விட்டதே. அந்தப் பாசக்கார அண்ணனிடம் சொல்லவே கஷ்டமாக இருந்தது.

"தம்பி, காது கேக்காத பொண்ண இந்தப் பயிற்சியில சேர்க்க மாட்டாங்கப்பா."

ஞானபாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துப் பவுலுக்கும் முகமெல்லாம் மலர்ந்தது.

"ரொம்ப சந்தோசம் டீச்சர். எப்பக் கூட்டிட்டு வரட்டும்?"

டீச்சர் திகைத்துப் போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு நல்லாக் கேக்கும் டீச்சர்" என்றாள் ஞானபாய். "பேரம் முடியுத மட்டும் வாயத் திறக்காதன்னு அண்ணன் சொல்லியிருந்திச்சு. சங்கு குளிச்சுக் குளிச்சு ரெண்டு காதும் போனது அண்ணனுக்குத்தான். தோணியில கயிறு பிடிக்கிற ஆளு கடலுக்குள்ள முங்குத ஆளுக்கு இழுத்துச் சேதி சொல்லுத மாதிரி, ஆமான்னா ஒரு இழுப்பு, இல்லன்னா ரெண்டு, பன்னெண்டு மாசத்துக்குப் பன்னெண்டு இழுப்பு இழுத்துச் சொன்னேன். உதட்டப் பாத்தே பேச்சப் புரிஞ்சுக்கிடலாமாமே, அத நான் படிச்சு மொதல்ல எங்க அண்ணனுக்குச் சொல்லிக் குடுக்கணும்."