நீட்டிய கை

பரிசோதனைக் கூடத்தின் சுவரில் தரச் சான்றிதழை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். "இடது பக்கம் கொஞ்சம் தூக்குப்பா," என்று கீழிருந்து மேனேஜர் சொல்ல, சட்டத்தின் கண்ணாடியில் பட்ட வெயில் சக்கர நாற்காலிச் சிறுமியின் கன்னத்தில் வழுக்கி விழுகிறது. அவளுக்குப் பேச்சு கிடையாது, நடையும் கிடையாது. எச்சில் துடைக்கும் துண்டைத் தோளில் போட்டபடி அம்மா பக்கத்தில் நிற்கிறாள். "காலையில எடுத்த ரத்தம் உறைஞ்சு போச்சும்மா. எடுத்ததும் குழாயை ஆட்டி வைக்காம விட்டுட்டாங்க. மறுபடியும் எடுக்கணும்," என்கிறாள் டெக்னீஷியன். "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க." "என்னம்மா பண்றது? பாப்பாவுக்கு வந்திருக்கிறது ரொம்ப அபூர்வமான கேன்சர். ரிசல்ட் தப்பாயிடக் கூடாதில்ல?" அம்மா சிரிக்கிற மாதிரி வாயைக் கோணுகிறாள். "எங்க வீட்டுக்கு எல்லாமே அபூர்வமாத்தான் வருது." டெக்னீஷியன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைக்கிறாள். அந்த வாசனை எழுந்ததும் சிறுமியின் கண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. நெஞ்சோடு மடங்கியே கிடக்கும் வலது கை, பிசியோதெரபிக்காரர் வருடக்கணக்கில் கெஞ்சியும் இழுத்தும் நிமிர்த்த முடியாத அந்தக் கை, மெல்ல, தானாகவே ஊசியை நோக்கி நீள்கிறது. அம்மா துண்டை வாயில் அழுத்திக்கொள்கிறாள். "அட, என்ன சமத்து!" என்கிறாள் டெக்னீஷியன்.