அண்ணனின் ஆட்சேபணை

இதில் ஒரு சொல்கூடக் கைச்சரக்கு இல்லை என்று தலையிலடித்துச் சத்தியம் செய்யலாம்.

கட்டட அனுமதி அதிகாரிக்குச் சந்தேகம் தட்டியது. அவருடைய சர்வீஸில், ‘தண்ணீர் வரும்’ என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் அவர் முன்னால் வந்து நின்றதில்லை.

“என் தம்பி வீடு கட்டக் கேட்டிருக்கானே, அந்த மனைக்கு அனுமதி கொடுக்காதீங்க சார். மழை பெஞ்சா கழுத்தளவு தண்ணி நிக்கும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்.”

“தம்பி மேல அவ்வளவு பாசமா?”

“கைக்குழந்தை வெச்சிருக்கான் சார்.”

“பங்குத் தகராறா?”

“இல்லைங்க.”

“அப்ப, அவன் வீடு கட்டினா உங்களுக்கு வயித்தெரிச்சல். இல்லேன்னா, அவனை விரட்டிட்டு நீங்களே மனையை வளைச்சுப் போடற திட்டம்.”

“ஒரு தடவை பாருங்க சார்.”

“பார்க்காமலே தெரியும். ஊரே தண்ணி வராதுன்னு சாதிக்குது, நீங்க ஒருத்தர் மட்டும் வரும்கிறீங்க. யார் காதுல பூ சுத்தறீங்க?”

அதிகாரி தம்பியின் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அண்ணன் அலுவலகத்தின் மாடி ஜன்னல் வழியாக இறங்கி, கீழே காத்திருந்த படகில் ஏறினார்.

தம்பியின் மனை அந்த அலுவலகத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது.