ஒரு நொடி நிற்காத போர்டு

ஒன்பதாயிரத்து நானூற்று இருபது ரூபாய்: முடங்கிப்போன சர்க்யூட் போர்டுக்காக அக்கா கம்பெனிக்குக் கட்டவேண்டிய பணம். போர்டு எழும்போது அதை எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற நிரல் மூன்று நொடி காத்திருக்கும். அதற்குள் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால்தான் உள்ளே போய் எதையும் மாற்றலாம். சீக்கிரம் எழட்டுமே என்று அக்கா அந்த மூன்றைப் பூஜ்யமாக்கிவிட்டாள். இப்போது அது யாருக்காகவும் நிற்பதில்லை. காலையிலிருந்து ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடுகிறாள். பச்சை விளக்கு மினுங்குகிறது. திரையில் எழுத்துகள் விழுந்தடித்து ஓடுகின்றன. தட்டித் தட்டி அவள் விரல்நுனி சிவந்திருக்கிறது. "சனியனே, ஒரு நொடி நில்லேன்!" "சாவிய உள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டியேக்கா." "வாய மூடிட்டு ஸ்விட்சப் போடுடா." இடுக்கியால், அந்தப் பூஜ்யம் பதிந்திருக்கும் மெமரி சிப்பின் இரண்டு கால்களைச் சேர்த்துப் பிடிக்கிறாள். ஸ்விட்சைப் போடுகிறேன். சேமித்ததைப் படிக்க முடியாமல் போர்டு பழைய வழக்கப்படி மூன்று நொடி தயங்குகிறது. தட்டிவிடுகிறாள். எழுத்துகள் நிற்கின்றன. சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கிறார். "சரியாயிடுச்சா? அப்ப அந்தப் பணம் வேணாம், தள்ளுபடி பண்ணிட்டேன்." அக்கா திரும்பாமலே சொல்கிறாள்: "என் காலைப்பொழுத யாரு சார் திருப்பித் தருவா?"