இடது புருவம்

காலையில் கண் விழித்ததும் குணசீலன் "போட்டுட்டேன்" என்று குரல் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் தாமரைச்செல்வி காபியோடு படுக்கையறைக்குள் போவாள். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து அவள் முகம் வெந்துபோன பிறகு அவன் வாங்கிய மூக்குக்கண்ணாடி அது. அதைப் போட்டுக்கொண்டால், கல்யாணத்தன்று சிரித்துக்கொண்டிருந்த அவளுடைய முகம்தான் தெரியும். காதலித்துக் கட்டிக்கொண்டவன். "உன்னை விட்டுட்டுப் போக மனசு வரல, அதான்" என்று சொல்லித்தான் வாங்கினான். தங்கமான மனுஷன் என்று தெருவே பேசியது.

இன்று முகம் கழுவும்போது அவள் விரலில் ஏதோ நெருடியது. இடது புருவம் இருந்த இடத்தில் நாலைந்து முடி. இனி முளைக்கவே முளைக்காது என்று டாக்டர் கைவிரித்த இடம். குரலுக்குக் காத்திராமல் அறைக்குள் ஓடினாள்.

"குணா, இங்க பாரேன்."

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு தலையணைக்கடியில் கண்ணாடியைத் துழாவினான்.

"ஒரு நிமிஷம் இரு தாமரை... ம், போட்டுட்டேன். சொல்லு."

"புருவம் முளைச்சிருக்கு."

"உன் புருவத்துக்கு என்ன? எப்பவும்போல அழகாத்தான் இருக்கு."

"அதைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை பாரு."

"எதுக்கும்மா அதெல்லாம்?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். கண்ணாடிக்குள் இருந்தவள் சிரித்திருக்க வேண்டும். அவனும் பதிலுக்குச் சிரித்தான்.