மூன்று சென்ட்

தாலுகா அலுவலக வாசலில் வெள்ளத்தாய் மண்வெட்டியால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். சர்வேயர் ஓடிவந்தார்.

“ஏம்மா, கிறுக்குப் பிடிச்சிருக்கா?”

“வீட்டுக்கு அஸ்திவாரம் போடுறேன் சார்.” மடியிலிருந்து பட்டாவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. “மூணு சென்ட்டுன்னு மேடையில வச்சுக் குடுத்தீக. பத்தொன்பது வருசமாச்சு. அது எங்கன கெடக்குன்னு ஒருத்தரும் அளந்து காட்டல. ஊரான் வீட்டுக்கெல்லாம் மண்ணு வெட்டிட்டு நாங்க ஓடைக்கரையில கெடக்கோம்.”

“அதுக்கு? கவர்மென்ட் எடத்துல தோண்டுவியா?”

“இது மட்டும் யாரு எடம்னு ஒடனே தெரியுதாக்கும்?”

இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை அவர் கையில் திணித்தாள். “இறுக்கிப் பிடிங்க. அளக்குறது உங்க வேலதான?”

மறுமுனையை இழுத்துக்கொண்டு படியேறி, தாசில்தார் அறைக் கதவைக் காலால் தள்ளினாள். மூன்று சென்ட்டுக்கு இன்னும் பத்தடி வேண்டியிருந்தது.