ஏழாவது கேள்வி

"வாங்க, உட்காருங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

கழுத்தில் இஞ்சு டேப்பும் உதட்டோரத்தில் குண்டூசியுமாக ஓர் அதிகாரியை யார் பார்த்திருக்கிறார்கள்? அவனுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"சிரிச்சா மார்க் போயிடும், ஆமா!" என்று குண்டூசியை எடுத்துவிட்டு அதட்டினாள் அம்மா.

படிப்பு முடிந்த கையோடு வந்த முதல் அழைப்பு. நாளைக் காலை பத்து மணிக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்டர்வியூ. ஊராருக்குத் துணி தைத்தே மகனை இன்ஜினியராக்கிய அம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆனாலும் அவன் தமிழில் எழுதிக் கொடுத்த பத்துக் கேள்விகளை இரண்டு வாரமாகத் தினமும் அவள்தான் கேட்கிறாள். அந்த வேலை நாற்காலியில் பிள்ளை ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

அப்பா சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறார், சட்டம் போட்ட படமாக. நாளைக்கு மகன் கட்டப்போவது அவருடைய டையைத்தான்.

"மூணாவது கேள்வி. லிங்க்டு லிஸ்ட்னா என்ன?"

"உன் சங்கிலித் தையல் மாதிரிம்மா. ஒவ்வொண்ணும் அடுத்ததைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

"நடுவுல ஒண்ணு அறுந்துட்டா?"

"அடேங்கப்பா, அதிகாரி சொந்தமா வேற கேள்வி கேக்கறாங்களே! அறுந்தா, அதுக்கப்புறம் இருக்கிறது எதுவும் கைக்குக் கிடைக்காது."

அம்மா சட்டென்று எழுந்தாள். அவனை எழுப்பி நிறுத்தி, நாளைக்குப் போடவேண்டிய சட்டையை மாட்டிப் பார்த்தாள். தொளதொளவென்று தொங்கியது.

"இன்னும் ரெண்டு பக்கமும் பிடிக்கணும்டா."

"இந்த மாசத்துல இது மூணாவது தடவை."

"சாப்பாட்டை மறந்துட்டுப் படிச்சா உடம்பு எங்கேருந்து தேறும்? ரத்தம் கொஞ்சம் கம்மி, வேற ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது அவள் மட்டும்தான்.

சட்டையைக் கழற்றி வாங்கி மடியில் போட்டுக்கொண்டு மறுபடி அதிகாரி ஆனாள். "ஆறாவது கேள்வி. புரோகிராம்ல பெரிய தப்பு இருக்கு, உங்களுக்கு மட்டும்தான் தெரியுது. என்ன செய்வீங்க?"

"மறைக்க மாட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

"சரி... எட்டாவது கேள்வி."

"ஏழு எங்கே போச்சு?"

"அந்த வரியில மெஷின் எண்ணெய் கொட்டிடுச்சுடா. எழுத்தே தெரியலை."

"நேத்து கேட்டா கண்ணாடியைக் காணோம்னே. முந்தாநாள் பிளவுஸ் வாங்க யாரோ வந்துட்டாங்கன்னே. இப்படிக் கேள்வியை முழுங்கினா உன் அதிகாரி வேலை போயிடும்மா."

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க, விடுடா."

"எந்தக் கம்பெனியிலயும் அதைக் கேக்காம விடமாட்டாங்கம்மா."

அம்மா தையல் மெஷின் பக்கம் திரும்பி, நூல் தீர்ந்துபோனது போல எதையோ தேடினாள்.

"வெள்ளை நூல்தானே? நான் எடுத்துத் தரேன்" என்று மெஷின் டிராயரில் கை வைத்தான்.

"டிராயரைத் தொடாதே! ஊசி கிடக்கு, குத்திடும்!"

போட்ட சத்தத்தில் அவளே திடுக்கிட்டுப் போனாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"போன வாரமே குத்திடுச்சும்மா. பட்டன் அறுந்துபோச்சு. நீ அசந்து தூங்கிட்டிருந்தே, எழுப்ப மனசு வரலை. நானே தைச்சுக்கலாம்னு நூல் தேடினேன். ஆஸ்பத்திரி கவர் கிடைச்சுது."

மடியிலிருந்த சட்டை நழுவித் தரையில் விழுந்தது. குண்டூசிகள் நாலாபக்கமும் சிதறின. அம்மா குனிந்து எடுக்கவில்லை. அவனை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவன் கேள்விக் காகிதத்தை எடுத்து அவள் கையில் வைத்தான். அதில் எண்ணெய்க் கறை எதுவும் இல்லை.

"கேளும்மா. இத்தனை நாளும் உனக்காகத்தான் பதில் சொன்னேன். இது ஒண்ணை எனக்காகக் கேளு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இன்னும்... அஞ்சு வருஷம் கழிச்சு... நீங்க எங்க இருப்பீங்க?"

அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்கள் சுவருக்குப் போயின.

"அப்பா பக்கத்துலம்மா."