ஊக்கு குத்திய செருப்பு

ராஜாக்களின் பாதுகைகளை எதிர்பார்த்து டூரிஸ்ட் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டு அந்தச் செருப்புக் காட்சிசாலைக்குள் போனார்கள். இரண்டே அறைகள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தேய்ந்த ரப்பர் செருப்புகளும் வாய் பிளந்த ஷூக்களும் இருந்தன. எல்லாம் இதே வாசலில் யாரோ விட்டுப்போய், திரும்பி வந்து கேட்காதவை.

"இதுக்கு நம்ம வீட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம்," என்று தர்மலிங்கம் சலித்துக்கொண்டு வெளியேறினார். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். அவர் மனைவி செங்கமலம் மட்டும் உள்ளறையில், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்புக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

ஹாரன் சத்தம் கேட்டு அவள் வந்தபோது வாசல் காலியாக இருந்தது. வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு அவளுடையது. 'அடுத்த மாசம் புதுசு வாங்கிக்கலாம்' என்று தர்மலிங்கம் தள்ளிக்கொண்டே வந்ததால், பயணம் முழுக்கப் புடவைக் கரைக்குள் மறைத்துத்தான் நடந்தாள். திரும்பிப் பார்த்தால், காப்பாளர் அதைத் துடைத்து ஒரு காலிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களோடதாம்மா? எல்லாரும் கெளம்பிட்டாங்களேன்னு..." என்று பதறி, எடுக்கப் போனார்.

விளக்கடியில் ஊக்கு மின்னியது. குதிகால் பள்ளத்தில் அவள் இத்தனை வருடம் நின்ற நிற்பெல்லாம் அப்படியே இருந்தது.

"இருக்கட்டும்," என்றாள்.

வெறுங்காலோடு பஸ் ஏறியவளிடம் தர்மலிங்கம் கேட்டார்: "செருப்பு எங்க?"

"உள்ள இருக்கு. வண்டிய நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கேன். போய்ப் பாத்துட்டு வாங்க."